மரவள்ளிக் குச்சியில் பிளாஸ்டிக் வருமா? நாமகிரிப்பேட்டையில் ஒரு நாள்

"மக்காச்சோளத் தட்டையிலிருந்தும் மரவள்ளிக் குச்சியிலிருந்தும் மக்கும் பிளாஸ்டிக் செய்கிறார்களாமே, எங்கள் பக்கம் அப்படி ஓர் ஆலை வந்தால் விவசாயிக்கு ஏதாவது கிடைக்குமா?" என்று நாமகிரிப்பேட்டைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடிக்கிற சங்கதி இல்லை இது. மரவள்ளி பிடுங்குவதும் மஞ்சள் வேகவைப்பதும் ஒன்றாக நடக்கிற மாசி மாதத்தில் நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகிற சாலையில், சீராப்பள்ளியைத் தாண்டினால் நாமகிரிப்பேட்டை. ஒரு பக்கம் போதமலை, இன்னொரு பக்கம் கொல்லிமலைத் தொடர். நடுவே செம்மண் காடுகள், கிணறுகள், அதைவிட அதிகமாக போர்வெல்கள். நாதஸ்வர வித்வான் கிருஷ்ணனால் கச்சேரி ரசிகர்களுக்கு இந்த ஊர்ப்பெயர் பழக்கம். வியாபாரிகளுக்கோ நாமகிரிப்பேட்டை என்றால் மஞ்சள். செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்த மூட்டைகள் வந்து இறங்கும். ஆனால் நான் பார்க்கப் போனது ஏலத்துக்கு வராத சரக்கை. காட்டிலேயே கிடந்து, காட்டிலேயே எரிகிற சரக்கை.

மெட்டாலா போகிற வழியில் ஒரு மரவள்ளிக் காட்டில் வண்டியை நிறுத்தினேன். கிழங்கை வெட்டி லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வரப்போரம் ஆள் உயரக் குச்சிகள் போராகக் கிடந்தன. அடுத்த நடவுக்கு வேண்டிய குச்சியைக் கட்டி, புளியமரத்து நிழலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். "மீதியை என்ன பண்ணுவீங்க?" என்று தோட்டக்காரரிடம் கேட்டேன். "அடுப்புக்குக் கொஞ்சம் போகுமுங்க. மீதிக்குத் தீ வெச்சிருவோம். மாவுப்பூச்சி விழுந்த குச்சிய வெச்சிருந்தா அடுத்த வெள்ளாமைக்கும் தொத்திக்குமுங்க" என்றார். நியாயமான பதில்தான். 2020-ல் இந்த வட்டாரத்துக்கு வந்த மரவள்ளி மாவுப்பூச்சி படுத்திய பாடு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

தீ வைக்கிற அந்தக் குச்சியில் இருப்பதைத்தான் விஞ்ஞானிகள் செல்லுலோஸ் என்கிறார்கள். செடியின் உடம்பை நிமிர்த்தி வைக்கிற நார்ப்பொருள் அது. பருத்திப் பஞ்சில் சுமார் 90 சதவிகிதம் செல்லுலோஸ். மரக்கட்டையில் கிட்டத்தட்ட பாதி. தட்டை, வைக்கோல், கரும்புச் சக்கை, மரவள்ளிக் குச்சி எல்லாவற்றிலும் முக்கியச் சரக்கு இதுதான். பிரான்ஸைச் சேர்ந்த அன்செல்ம் பேயன் என்பவர் 1838-ல் இதைப் பிரித்துக் காட்டினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மரவள்ளிக் கிழங்கில் இருக்கிற மாவுச்சத்தும், அதே செடியின் குச்சியில் இருக்கிற செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் சர்க்கரையால் ஆனவை. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக் கோத்த நீண்ட சங்கிலிக்குத்தான் பாலிமர் என்று பெயர். வித்தியாசம் முடிச்சில் இருக்கிறது. மாவுச்சத்தின் முடிச்சை நம் வயிறு அவிழ்த்துவிடும். செல்லுலோஸ் முடிச்சை அவிழ்க்காது. மாட்டின் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிரிகள் அவிழ்க்கும். அதனால்தான் கிழங்கு நமக்கு, தட்டை மாட்டுக்கு. பாலித்தீன் பையும் ஒரு சங்கிலிதான். ஆனால், அதன் முடிச்சை அவிழ்க்கத் தெரிந்த கிருமி நம் மண்ணில் போதிய அளவு கிடையாது. ஆகவே அது மக்காமல் கிடக்கிறது. மக்கும் பிளாஸ்டிக்கின் அடிப்படையே இந்த முடிச்சுதான்.

அப்படிப் பார்த்தால் நாமகிரிப்பேட்டை, ராசிபுரம், ஆத்தூர் வட்டாரத்துச் சேகோ ஆலைகள் எல்லாமே பாலிமர் ஆலைகள்தான். கிழங்கைக் கழுவி, தோல் நீக்கி, அரைத்து, தண்ணீர் விட்டுச் சலித்தால் பாலாக இறங்குவது மாவுச்சத்துப் பாலிமர். சல்லடையில் நிற்கிற திப்பியில் செல்லுலோஸ் பாலிமர் இருக்கிறது. 1940-களில், யுத்தக் காலத் தட்டுப்பாட்டின்போது சேலத்தில் தொடங்கிய தொழில் இது. வெளிநாட்டு மாவு வரத்து நின்றபோது மரவள்ளி மாவை வைத்துச் சமாளிக்கத் தொடங்கியவர்கள், பிறகு ஜவ்வரிசிக்குப் போனார்கள். சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981-ல் பதிவாகி, அடுத்த ஆண்டு வேலையைத் தொடங்கியது. இன்றைக்குச் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஜவ்வரிசி வடநாட்டு விரதக்காரர்களுக்குப் போகிறது. மாவில் ஒரு பங்கு பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் நெசவுப் பாவுக்குக் கஞ்சி போடப் போகிறது. நூலின் மேல் மெல்லிய படலமாகக் காய்ந்து, இழை அறாமல் காக்கிற அந்தக் கஞ்சி, செடியிலிருந்து வந்த பிளாஸ்டிக் படலம் அல்லாமல் வேறென்ன? நாம் உயிர் உரத்தை விதையில் ஒட்டவைக்க ஆறிய அரிசிக் கஞ்சி ஊற்றிப் புரட்டுகிறோமே, அதுவும் இதே வித்தைதான்.

வீட்டுப் பிள்ளைகளை வைத்தே செய்து பார்க்கலாம். ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவு, நாலு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு தேக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி கிளிசரின். சிறு தீயில் கண்ணாடி போலத் தெளிகிற வரைக்கும் கிண்டி, தட்டில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டால் உரித்தெடுக்கிற தாள் கிடைக்கும். அதைத் தண்ணீரில் போட்டால் ஊறிக் குழைந்துவிடும். மாவுச்சத்துப் பிளாஸ்டிக்கின் பலவீனம் அங்கேயே தெரிந்துவிடும். காய்ந்த திப்பியை மையாகப் பொடித்துக் கலந்து இன்னொரு தாள் ஊற்றுங்கள். கொஞ்சம் சொரசொரப்பாக வரும், ஆனால் இழுத்துப் பார்த்தால் முன்னதைவிடத் தாங்கும். மண்சுவர் வைக்கும்போது வைக்கோலை வெட்டிப் போட்டுக் குழைப்பார்களே, அதே கணக்கு. மாவு மண், செல்லுலோஸ் வைக்கோல்.

சரி, செல்லுலோஸ் இவ்வளவு கிடைக்கிறது, மக்கவும் செய்கிறது, பிறகு ஏன் உலகம் பெட்ரோலியப் பிளாஸ்டிக் பின்னால் போனது? செல்லுலோஸின் பிடிவாதம்தான் காரணம். பாலித்தீனைச் சூடாக்கினால் உருகும். ஊதிப் பை ஆக்கலாம். செல்லுலோஸைச் சூடாக்கினால் உருகாது, கருகும். தண்ணீரில் கரையாது. அதைக் கரைத்துப் புது வடிவம் கொடுக்க 100 வருடங்களுக்கு மேலாகப் பெரிய தொழில்கள் கையாண்ட வழிகள் எல்லாம் மூர்க்கமானவை. நைட்ரிக் அமிலத்தில் செய்த செல்லுலாய்டு, பழைய சினிமா படச்சுருளாக ஓடி, அடிக்கடி தீப்பற்றியது. அடுத்து வந்தது விஸ்கோஸ். 1892-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தது. மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு என்கிற நச்சுத் திரவத்தைச் சேர்த்துக் கரைத்து, கந்தக அமிலத் தொட்டிக்குள் இழையாக இழுப்பார்கள். ரேயான் துணி இப்படித்தான் வருகிறது. இதையே தகடாக இழுத்தால் செலோபேன் தாள்.

இதை நாம் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பவானி ஆற்றங்கரையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் தென்னிந்திய விஸ்கோஸ் ஆலை ஓடியது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்த ஆலை. கழிவுநீரால் ஆறும் நிலமும் கெடுவதாக 1990-களில் விவசாயிகளும் மீனவர்களும் பெரிய அளவில் போராடினார்கள். பிறகு ஆலை மூடப்பட்டது. வேலை இழந்தவர்களின் கஷ்டம் தனிக்கதை. அந்தப் பவானித் தண்ணீர் பவானிசாகர் வழியாகக் கூடுதுறைக்கு வந்து, காவிரியில் கலந்து, நம் நாமக்கல் மாவட்டத்து ஓரமாகத்தான் போகிறது. செடியிலிருந்து செய்கிறோம் என்பதாலேயே ஒரு தொழில் நல்லதாகிவிடாது என்பதற்குச் சிறுமுகையைவிடப் பக்கத்தில் சாட்சி வேண்டாம். மரக்கூழ் பசுமைதான், ஆற்றில் இறங்கியது பசுமை இல்லை.

"பசுமை வேதியியல்" என்ற பேச்சு வருவது இந்த இடத்தில்தான். பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் என்ற இரண்டு அமெரிக்க வேதியியலாளர்கள் 1998-ல் இதற்கு 12 விதிகள் எழுதினார்கள். விவசாயி மொழியில் சொன்னால்: கழிவு வந்த பிறகு சுத்தம் செய்வதைவிடக் கழிவே வராமல் செய், தீர்ந்துபோகிற மூலப்பொருளை விட்டு, மறுபடி விளைகிற பொருளை எடு, கரைப்பதற்கு விஷம் வேண்டாம், வேலை முடிந்த பொருள் மண்ணோடு மக்கிவிட வேண்டும். மற்றவையும் இந்த வழியில்தான் போகும். செல்லுலோஸுக்கு இதை வைத்துப் பார்த்தால் மூலப்பொருள் பரீட்சையில் அது எப்போதும் தேறிவிடும். கரைப்பான் பரீட்சையில்தான் தோற்றுக்கொண்டிருந்தது.

இப்போது அங்கேயும் வழி பிறந்திருக்கிறது. லயோசெல் என்றொரு முறை உண்டு. என்.எம்.எம்.ஓ. என்கிற கரைப்பானில் மரக்கூழை நேராகக் கரைத்து, தண்ணீருக்குள் இழையாக இழுக்கிறார்கள். கார்பன் டைசல்பைடு கிடையாது. கரைப்பானில் 99 சதவிகிதத்துக்கு மேல் திரும்பப் பிடித்து, மறுபடி அதே தொட்டிக்கு ஊற்றுகிறார்கள். ஆஸ்திரியாவின் லென்சிங் நிறுவனம் 'டென்செல்' என்ற பெயரில் விற்பது இதுதான். நம் நாட்டில் பிர்லா குழுமத்தின் கிராசிம் நிறுவனம் லயோசெல் இழை தயாரிக்கிறது.

என்னை அசத்தியது இன்னொரு முறை. சீனாவின் ஊஹான் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை லீனா ஜாங் கண்டுபிடித்தது. 7 சதவிகிதம் காஸ்டிக் சோடா, 12 சதவிகிதம் யூரியா, மீதி தண்ணீர். ஆம், நாம் மூட்டை மூட்டையாகத் தூவுகிற அதே யூரியா. இந்தக் கரைசலை உறைநிலைக்குக் கீழே 12 டிகிரிக்குக் குளிர வைத்து, செல்லுலோஸைப் போட்டு வேகமாகக் கலக்கினால் சில நிமிடங்களில் கரைந்துவிடும். சூடாக்கிக் கரைப்பதுதானே நமக்குத் தெரியும்? இங்கே குளிர்ந்தால்தான் கரையும். ரொம்ப நீளச் சங்கிலி கொண்ட செல்லுலோஸ் இதில் லேசில் கரையாது, குளிர்விக்க மின்சாரமும் வேண்டும் என்ற குறைகள் இருக்கின்றன. ஆனாலும் தண்ணீரும் யூரியாவும் சோடாவும் வைத்தே ஆகிற காரியம் இது என்று காட்டியதே பெரிய திருப்பம்.

இன்னொரு பக்கம், செல்லுலோஸை முழுசாகக் கரைக்காமல் லேசாக மாற்றி, தண்ணீரில் கரையும் பொடியாக்குகிற தொழிலும் நீண்ட காலமாக நடக்கிறது. சி.எம்.சி. என்பார்கள். பற்பசை வழவழவென்று வருவதும், ஐஸ்கிரீம் சட்டென்று உருகாமல் நிற்பதும் இதனால். பயறு விதையில் ரைசோபியம் ஒட்டுவதற்குக் கஞ்சிக்குப் பதிலாகவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இதன் தயாரிப்பில் குளோரோ அசிட்டிக் அமிலம் வருகிறது. அதனால் 'இயற்கைப் பொருள்' என்று மூட்டையில் எழுதியிருந்தாலும் ஆலைக் கழிவை ஒரு கண் பார்க்கத்தான் வேண்டும்.

மரவள்ளிக் குச்சிக்கு வருவோம். குச்சியில் செல்லுலோஸ் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. கட்டையை இறுக்கிப் பிடிக்கிற லிக்னின் என்ற பசையும், கொஞ்சம் மாவுச்சத்தும் சேர்ந்தே இருக்கும். லிக்னினை நீக்க, காகித ஆலையில் செய்வதுபோலக் காரத்தில் அழுத்தத்தோடு வேகவைக்க வேண்டும். அப்போது கருஞ்சாறு வரும். அதை எரித்துச் சோடாவைத் திரும்ப எடுக்கிற கொதிகலன் இருந்தால் அது ஒழுங்கான ஆலை. இல்லாவிட்டால் அந்தச் சாறு எந்த ஓடைக்குப் போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. திப்பியில் லிக்னின் குறைவு. அந்த வகையில் திப்பி நல்ல சரக்கு. ஆனால் ஈரமாக வந்தால் ஒரே நாளில் புளித்து நாறிவிடும்.

வழியில் ஒரு சேகோ ஆலைக்கு வெளியே களத்தில் திப்பியைக் காயப்போட்டிருந்தார்கள். காய்ந்ததும் மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. ஒரு காலத்தில் ஆலைத் தண்ணீர் ஓடையில் இறங்கினால் ஊரே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். இப்போது சேலம், நாமக்கல் பக்கம் பல ஆலைகள் அந்தத் தண்ணீரை மூடிய தொட்டியில் விட்டு, சாண எரிவாயு போல வாயு எடுத்து எரிக்கின்றன. கழிவை எரிபொருளாக்குகிற இந்த வேலையும் பசுமை வேதியியலில் சேர்த்திதான். ஜவ்வரிசியை வெளுப்பாக்க ரசாயனம் சேர்க்கிற சர்ச்சை மட்டும் ஓய்ந்தபாடில்லை. வெள்ளை வெளேரென்று கேட்கிற வாங்குபவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

வாசகர் கேட்ட காசு விஷயம் இனிமேல்தான். லாரியில் கிழங்கு ஆலைக்குப் போனதும் என்ன நடக்கிறது? மாவுச்சத்து எத்தனை பாயின்ட் என்று பார்த்து, பாயின்டுக்கு இவ்வளவு என்று விலை போடுகிறார்கள். பச்சைக் கிழங்கில் கால்பங்கிலிருந்து 30 சதவிகிதம் வரை மாவு. அந்தக் கணக்கில் திப்பிக்கு மதிப்பு கிடையாது. செல்லுலோஸ் இலவசமாகப் போகிறது. நாளைக்கே திப்பியில் பிளாஸ்டிக் செய்து கிலோ நல்ல விலைக்குப் போனாலும், பாயின்ட் முறை மாறாத வரைக்கும் கிழங்கு போட்டவருக்கு அதில் ஒரு பைசா வராது.

கரும்பில் இந்தச் சண்டை முன்பே நடந்திருக்கிறது. நம் மாவட்டத்திலேயே பள்ளிபாளையம் சேஷசாயி காகித ஆலையும், காவிரிக்கு அக்கரையில் புகளூர் அருகே தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமும் கரும்புச் சக்கையில் காகிதம் செய்கின்றன. சக்கை அடுப்புக்குப் போன காலம் மலையேறிவிட்டது. அது விலையுள்ள செல்லுலோஸ் என்று ஆலைகளுக்குத் தெரியும். 2012-ல் ரங்கராஜன் குழு, சர்க்கரையோடு சக்கை, மொலாசஸ், பிரஸ்மட் வருமானத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு அதில் 70 சதவிகிதம், சர்க்கரையை மட்டும் கணக்கிட்டால் 75 சதவிகிதம் கரும்பு விவசாயிக்குப் போக வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் கணக்கில் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என்றாலும், சக்கையிலும் விவசாயிக்குப் பங்கு உண்டு என்று ஒரு காகிதத்திலாவது எழுதியிருக்கிறது. மரவள்ளிக்கு அந்தக் காகிதமும் இல்லை. ஆலை வருவதற்கு முன்னால் பேச வேண்டிய பேச்சு இது. வந்த பிறகு பேசினால் எடுபடாது.

பிளாஸ்டிக் தடை வந்த பிறகு 'மக்கும்' என்ற சொல்லை ஒட்டிக்கொண்டு நிறைய சரக்கு கிளம்பியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. பாலித்தீனில் கொஞ்சம் மாவுச்சத்தைக் கலந்து செய்த பையில், மாவை மட்டும் மண் தின்னும். பாலித்தீன் தூள் தூளாகி நிலத்திலேயே தங்கும். முழுசாகக் கிடந்த காகிதத்தைப் பொறுக்கியாவது எடுக்கலாம், தூளை என்ன செய்வது? காய்கறிக்கு நிலப்போர்வை விரிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உண்மையில் மக்குகிற பொருளுக்கு 17088 என்ற எண்ணுள்ள தரச்சான்றும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் இருக்க வேண்டும். அந்தச் சான்றுகூட சுமார் 58 டிகிரி சூட்டில் உரக்கிடங்கில் மக்குவதற்குத்தான். நம் வரப்போரக் குப்பைக்குழியில் அந்தச் சூடு கடைசிவரை நிற்காது. கரும்புச் சக்கைக் கூழை அச்சில் அழுத்திச் செய்கிற தட்டும் கிண்ணமும் இந்த வில்லங்கம் இல்லாதவை. பூச்சு எதுவும் பூசாமல் இருந்தால் சாணக்குழியிலேயே மக்கும்.

மரவள்ளியில் இந்த ஆராய்ச்சியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பக்கத்திலேயே ஆத்தூர் அருகே ஏத்தாப்பூரில் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. யாராவது முதலீடு கேட்டு வந்தால், பணம் கொடுக்கும் முன் இந்த இரண்டு இடங்களில் ஒன்றிலாவது விசாரித்துவிடுங்கள். கரைப்பான் எது, அதில் எத்தனை சதவிகிதம் திரும்பப் பிடிக்கிறீர்கள், ஒரு நாளைக்குத் தண்ணீர் எவ்வளவு, அது எந்த போர்வெல்லில் இருந்து, காரக் கழிவு எங்கே போகும் என்று கேட்டால், ஆள் நிஜமா போலியா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்படி ஓர் ஆலை வரும் என்று நம்பி மரவள்ளிப் பரப்பைக் கூட்டுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு கிலோ மாவுக்கு நாலு கிலோ கிழங்கு வேண்டும். கிழங்கு விலை ஏறினால் முதலில் ஓடிப்போகிறவர்கள் பிளாஸ்டிக்காரர்களாகத்தான் இருப்பார்கள், பெட்ரோலியப் பிளாஸ்டிக் அவ்வளவு மலிவு.

மெட்டாலா தோட்டத்தில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் மாட்டுக்குத் தட்டை அள்ளிக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மா குறுக்கே கேட்டார்: "ஏனுங்க, சோளத்தட்டு, திப்பி எல்லாத்தையும் ஆலைக்காரன் அள்ளிட்டுப் போயிட்டா, எங்க மாடு என்னத்தத் திங்கும்?" நான் படித்த கட்டுரைகள் எதிலும் இந்தக் கேள்வி இல்லை. தட்டைக்கும் திப்பிக்கும் ஏற்கெனவே ஒரு வாய் இருக்கிறது. அதைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் செய்தால் தீவன விலைதான் ஏறும். ஆகவே இந்தப் பக்கம் யாராவது செல்லுலோஸ் தேடி வந்தால், முதலில் மாடு தின்னாத சரக்கைக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நடவுக்குப் போக மீதிக் குச்சி, மாவுப்பூச்சி விழுந்த குச்சி, தீ வைக்கப் போகிற குச்சி. அதை வெட்டிக் கட்டி, காயவைத்து, சாலையோரம் சேர்ப்பதற்கு ஆள்கூலி என்ன ஆகும் என்று அந்தத் தோட்டக்காரர் அப்போதே விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்.